பொம்மைக் கடையும் பிள்ளைக் கதையும்



மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பெரியவர்களுக்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணி வருகிறோம். நிலம், வீடு, பொன், நெல் ஆகியவற்றுக்கு எல்லை வகுத்துக்கொண்டால் அவ்விரதம் நிறைவுற்றதாகக் கருதுகிறோம். ஆனால் அவா பிறக்குமிடம் களஞ்சியம் அன்று, மனம். பொருளைக் காட்டிலும் பொருளின்மேல் வைக்கும் பற்றையே பெருங்கட்டாக எண்ணுவது நம் நெறி. இக்காலக் குழந்தையின் மனத்தில் அப்பற்று முதன்முதலாக முளைவிடும் இடங்களுள் ஒன்று, அது நாள்தோறும் காணும் கார்ட்டூன் தொடர். அத்தொடர்கள் எவ்வாறு பிறந்தன என்பதைப் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அறிந்திருத்தல் நலம்.

முன்னாளில் கதை முதலில் பிறந்தது. அதைக் கேட்ட குழந்தை களிமண்ணிலும் பனையோலையிலும் தானே பொம்மை செய்து விளையாடியது. அமெரிக்க நாட்டில் இம்முறை தலைகீழாயிற்று. 1969-இல் மேட்டல் என்னும் பொம்மை நிறுவனத்தின் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பாயிற்று. இது கதையன்று, நீண்டதொரு விளம்பரமே என்று போட்டி நிறுவனம் ஒன்று முறையிட்டது. அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமும் அம்முறையீட்டில் உண்மை இருப்பதை ஏற்றது. ஆயினும் 1980-களில் காற்று திசைமாறியது. மேட்டல் 1982-இல் கடைக்குக் கொண்டுவந்த ஹீ-மேன் பொம்மைக்காக 1983-இல் ஒரு தொடர் பிறந்தது. 1984-இல் அதே ஆணையம் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளையும் நீக்கிவிட்டது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வரம்பை மீண்டும் விதித்தது. ஆனால் பொம்மைக்காகவே கதை புனையும் வழக்கத்தை அது தடுக்கவில்லை.

அவ்வழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். ஜப்பானிய டகாரா நிறுவனத்தின் உருமாறும் பொம்மைகளுக்கு உரிமை பெற்ற ஹாஸ்ப்ரோ நிறுவனம், 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் தொடரைக் கொண்டுவந்தது. அதன் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் 1986-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மாண்டான். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் செய்வதே அம்மரணத்தின் நோக்கம். திரையரங்குகளில் குழந்தைகள் விம்மி அழுதனர். அவர்கள் சிந்திய கண்ணீர் உண்மையானது. அதை வரவழைத்த மரணமோ வணிகக் கணக்கேட்டில் எழுதப்பட்டது. பற்றை ஊட்டுவதும், ஊட்டிய பற்றை அறுப்பதும், மீண்டும் புதிய பற்றை ஊட்டுவதும் ஆகிய இம்மூன்றும் பிள்ளை அறியாமலே நிகழ்ந்தன.

இனி, இவ்வணிகம் செய்த மற்றொரு தீங்கைக் காண்போம். அண்ணனும் தங்கையும் ஒரே பொம்மையைப் பகிர்ந்து விளையாடினால் கடைக்காரருக்கு ஒரு விற்பனை; இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று பிரித்துவிட்டால் இரண்டு விற்பனை. ஆதலின் கதைகளும் இரு கூறாயின. ஹீ-மேன் பொம்மையின் இடுப்பைத் திருப்பி விட்டால் அது சுழன்று குத்துவிடும். சிறுமியரை ஈர்க்க 1985-இல் ஷீ-ரா என்னும் தொடரை அமைத்தனர். அக்கதையில் அவள் வாளேந்திய வீராங்கனை. கடைக்கு வந்த ஷீ-ரா பொம்மையிலோ, வாளோடு கூந்தல் வாரச் சீப்பும் வைத்தனர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் ஆர்சி என்றொரு பெண் பாத்திரம் உண்டு. அவளுக்கு அக்காலத்தில் பொம்மை வெளிவரவே இல்லை.

1981-இல் தொடங்கிய ஸ்மர்ஃப்ஸ் தொடரையும் எண்ணிப் பாருங்கள். நீலநிறச் சிற்றுருவினர் வாழும் ஊர் அது. அறிவாளி, சோம்பேறி, வலியவன் என்று ஒவ்வோர் ஆணுக்கும் அவனவன் இயல்பே பெயர். நெடுங்காலம் அவ்வூரில் இருந்த ஒரே பெண்ணுக்கோ பெண் என்பதே பெயர்! 1991-இல் கதா பாலிட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இப்போக்கினைச் சுட்டி, அவள் பெயராலேயே அதற்கொரு பெயரும் சூட்டினார். ஆண்பிள்ளை எதுவாகவும் ஆகலாம், பெண்பிள்ளை பெண்ணாக மட்டுமே இருக்கலாம் என்ற பாடத்தை எந்த ஆசிரியரும் வாய்திறந்து நடத்தவில்லை. ஆயினும் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டனர்.

இவற்றுக்கு நம் அறம் கூறும் விடை யாது?

அறிதலும் காண்டலும் உயிரின் இயல்பு. ஆணுடலும் பெண்ணுடலும் நாமகர்மத்தின் பயனாய் வந்த உறைகள். உறையைக் கண்டு உள்ளிருக்கும் அறிவை அளப்பது நற்காட்சி ஆகாது. ஆதிபகவன் விருஷபதேவர் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என நம் புராணம் கூறுகிறது. எழுத்தும் எண்ணும் உலகுக்குக் கிடைத்த வரலாற்றை இரு சிறுமியரிடமிருந்து தொடங்கும் மரபு நம்முடையது. வந்தவாசியை அடுத்த வேடல் ஊரின் சோழர் காலக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் அம்மையாரையும் அவர்தம் மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிக்கிறது. இம்மரபில் வந்த சிறுமியிடம் சீப்பை மட்டும் நீட்டுவது தகுமா?

ஆண்பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் தீங்கும் சிறிதன்று. குத்துவதும் வீழ்த்துவதுமே ஆண்மை என்று அவர்களுக்கு ஓயாமல் கற்பிக்கப்படுகிறது. பொம்மைதானே என்று சிலர் கூறலாம். யசோதர காவியத்தை நினைவுகூருங்கள். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும் அவன் தாயும் பிறவிதோறும் துன்புற்ற கதை அது. விளையாடும் சிறுவனை அவ்வரசனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. உருவம் பொய்யானாலும் அதன்மேல் செல்லும் எண்ணம் மெய் என்பதே அக்காவியம் நமக்கு உணர்த்தும் நீதி.

அங்ஙனமாயின் தொலைக்காட்சியை அடைத்து வைப்பதா? அன்று. தடுத்த பொருளின்மேல் அவா இருமடங்காகும் என்பது வகுப்பறை கண்ட அனைவரும் அறிந்தது. நம் நாட்டிலும் 2008-இல் தொடங்கிய சோட்டா பீம் போன்ற தொடர்களின் பெயரால் புத்தகப்பையும் சட்டையும் பொம்மையும் கடையேறியுள்ளன. ஆகவே மூன்று பழக்கங்களை வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் கேளுங்கள்: இக்கதையில் துணிந்து செயல்பட்டவர் யார்? மற்றவர் ஏன் வாளா இருந்தார்? இதில் வந்தவற்றுள் எவை கடையில் விற்கின்றன? மூன்றாம் வினாவுக்கு விடை கூறும் குழந்தை, கதையையும் விளம்பரத்தையும் பிரித்தறியத் தொடங்கிவிடும். ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் ஆண்டுதோறும் வலியுறுத்தியது இதுவே: விடையைத் திணிக்காதீர், வினாவை விதையுங்கள்.

இரண்டாவது, பொம்மைகளுக்கும் எல்லை வகுக்கட்டும். எண்ணிக்கையைப் பிள்ளையே உறுதி செய்யட்டும். தசலட்சண பர்வத்தில் தியாகத்துக்குரிய எட்டாம் நாளன்று, விருப்பமான பொம்மை ஒன்றைத் தன் கையாலேயே பிறர்க்கு வழங்கட்டும். மறுநாள் ஆகிஞ்சன்யத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியிராது, பிள்ளையே உணர்ந்திருக்கும்.

மூன்றாவது, மகனுக்கும் மகளுக்கும் ஒரே கதையைச் சொல்லுங்கள். பிராமியின் கதையை மகனும், பகைவனையும் பொறுத்த முனிவரின் கதையை மகளும் கேட்கட்டும். கதையின் வீரம் வாளில் மட்டும் இல்லை, பொறுமையிலும் உண்டு என்பதை இருவரும் அறியட்டும்.

பிள்ளை கேட்பதெல்லாம் அதன் ஆசை அன்று. பிறர் ஊட்டிய ஆசையும் அதில் கலந்துள்ளது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வீட்டுப் பெரியோர் கடமை. அதுவே குழந்தைக்கு நாம் அளிக்கும் முதல் அணுவிரதப் பயிற்சி.

அருகன் திருவறம் ஓங்குக!