சமதிருஷ்டியும் கிடை நாயும்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், குருக்ஷேத்திரத்திலே ஜனமேஜயன் தன் தம்பியரோடு நெடிய வேள்வி இயற்றிக்கொண்டிருக்கையில், அவ்விடம் வந்த நாய்க்குட்டி ஒன்றை அத்தம்பியர் அடித்து விரட்ட, அவிர்ப்பாகத்தை ஏறிட்டும் பாராத தன் குட்டி அடிபட்டதற்குக் காரணம் கேட்டு வந்த தாய் சரமை, யாரும் விடை சொல்லாமையால், எதிர்பாராத பயம் ஒன்று அவர்களை வந்து பற்றும் என்று சபித்துச் சென்றாள். இந்தச் சரமை ரிக்வேதத்தில் பணிகள் என்போர் ஒளித்து வைத்த பசுக்களைத் தடம் பற்றிச் சென்று கண்டறிந்த தேவலோகத்து நாய். ஆகவே மாடு காக்கும் நாய்களுக்கெல்லாம் அவளை மூதாதை எனலாம். நாயை அநியாயமாக அடித்தவனுக்கு அவள் விதித்த தண்டனை பயம். அதை நான் வெறும் சாபமாகக் கொள்ளவில்லை. நாய்க்கும் மனிதனுக்கும் இடையே நடப்பதைக் கூர்ந்து கண்ட ஒருவரின் வாக்காகவே கொள்கிறேன்.

1976-ஆம் ஆண்டு அவசரநிலைக் காலத்தில், மும்பையில் அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்தவர்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட இடம் டிராம்பேயிலுள்ள சீத்தா கேம்ப். தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இந்தச் சந்துகளில், இரவு வேலை முடிந்து மான்குர்த் ஸ்டேஷனிலிருந்து திரும்புகிறவனை முதலில் விசாரிப்பது சந்து முனையில் படுத்திருக்கும் நாய்தான். அது மாடு மேய்த்ததில்லை. ஆனாலும் நம் ஊர்களில் கீதாரியின் கிடையைக் காத்த நாயின் ஸ்வபாவம் அதனிடம் அப்படியே இருக்கிறது. தனக்குரியவர் இன்னார், தன் எல்லை இவ்வளவு என்று வகுத்துக்கொண்டு, அதற்குள் இருட்டில் நுழையும் அந்நியனைச் சந்தேகிப்பதையே அது தன் கடமையாகக் கொண்டிருக்கிறது.

இங்கேதான் சமயவாழ்வில் பற்றுள்ளவனுக்கு ஒரு வினா எழுகிறது. பசுவையும் யானையையும் நாயையும் ஒன்றாகக் காண்பவனே ஞானி என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுமானால், நாயின் முன்னே தயங்கி நிற்பது பக்திக் குறைவாகாதா? ஆகாது என்பதே என் துணிபு. சமதிருஷ்டி என்பது உள்ளே உறையும் பொருளை ஒன்றெனக் காண்பது. எல்லா உயிரையும் ஒரே விதமாகத் தொடுவது அன்று. பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுக்கும் கை, அதே அன்போடு அறிமுகமற்ற நாயின் தலைக்கு மேலே நீளுமானால், அந்த நாய்க்கு அது ஓங்கிய கையாகவே தோன்றும். மராட்டியர் வீடுதோறும் வணங்கும் தத்தாத்ரேயர் படத்தில் பின்னே பசுவும் காலடியில் நான்கு நாய்களும் நிற்கின்றன. எல்லாம் அவருடையவையே, ஆயினும் ஒவ்வொன்றும் தன் தன் இயல்போடுதான் நிற்கிறது.

இஸ்லாமிய மரபும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. ஷாபி மத்ஹபு என்னும் சட்டநெறியில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பது சுத்தத்தைப் பற்றிய விதி; கல்லெறிவதற்கு அது அனுமதி ஆகாது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் முகந்து கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி உண்டு. குகைத் தோழரின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் காவல் கிடந்ததைக் குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயம் குறிப்பிடுகிறது.

தானங்களுள் உயர்ந்தது அபயதானம் என்பர். நாய்க்கு அதை அளிப்பதற்கு அதன் மனம் தெரிந்திருக்க வேண்டும். கிடை நாயும் மந்தை ஓட்டும் நாயும் அசைவுக்கு எழும் பிராணிகள். ஓடுகிற காலைத் துரத்துவதும் குதிகாலைக் கவ்வப் பார்ப்பதும் மந்தை ஓட்டும் நாயின் தொழிலோடு பிறந்த குணம். ஆதலால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடம்போடு ஒட்டவிட்டு, கண்ணோடு கண் நோக்காது சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்பதே அதற்கு நாம் தரும் முதல் அபயம். அதுவாக வந்து முகரட்டும். பிறகு மெல்லப் பின்வாங்கலாம். உடல் விறைத்து அசையாது நிற்பதும், காதுகள் பின்னே மடிவதும், உதடு சுருண்டு பல் தெரிவதும் 'அருகே வராதே' என்று அது சொல்லும் சொற்கள். விறைத்து உயர்ந்த வாலின் சிறு ஆட்டத்தைச் சிநேகம் என்று கொள்ளலாகாது. தின்னும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும், உறங்கும் நாயையும் நெருங்கவே வேண்டாம். கிடைப் பக்கம் போகிறவர் தூரத்திலேயே நின்று மேய்ப்பவரைக் குரல் கொடுத்து அழைப்பது முறை.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் கடி நேரலாம். அப்போது நாயைப் பழிப்பதிலும், கடித்த இடத்தில் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ அப்புவதிலும் நேரம் போக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். வெறிநோயின் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

சந்துகளில் விளையாடும் நம் குழந்தைகளுக்குக் கல்லைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களாகிய நாமே. கல்லடி பட்ட நாய் அடுத்து வரும் குழந்தையைக் கண்டு அஞ்சுகிறது. அந்த அச்சத்திலேயே கடிக்கிறது. சரமையின் சாபம் பலிப்பது இவ்வழியில்தான். கோயிலிலும் மதரஸாவிலும் பாடம் சொல்லும் பெரியோர்கள், நாய் எதிரே வந்தால் எப்படி நிற்பது என்பதையும் தர்மத்தின் ஒரு பாடமாகவே குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.