நாலு வருச வேலைக்கு நாற்பது வருசக் கடிகாரம்

"மச்சான், பட்டாளத்துக்குக் கட்டிட்டுப் போற மாதிரி ஒரு வாட்ச் சொல்லுங்க. பேட்டரி வாட்ச் வேணாம். உங்க கையில இருக்கே, அந்த மாதிரி. ஆயுசுக்கும் ஒழைக்கணும்."

கீழச்சிவல்பட்டியில் மாமா வீட்டுத் திண்ணையில் இதைக் கேட்டது மாமாவின் இளைய மகன். அக்னிவீரராகத் தேர்வாகியிருந்தான். வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் இருபது நாள் இருந்தது. குடும்பத்தில் வாட்ச் பைத்தியம் என்று பெயரெடுத்தவன் நான்தான். அன்று என் கையில் இருந்தது ஹாமில்டன் காக்கி ஃபீல்ட். தினமும் சாவி கொடுத்து ஓட்டுவது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்குக் கடிகாரம் செய்துகொடுத்த கம்பெனி அது. படைவீரர் கடிகாரத்தின் தோற்றத்தை வைத்துக்கொண்டே இன்றும் விற்கிறது. விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

"நானே வாங்கித் தர்றேன்டா," என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மாமா கேட்டார். "ஏன் மாப்ள, நாலு வருச வேலைக்கு நாப்பது வருச வாட்ச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தை காபி கொண்டுவந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

*

சென்னைக்குத் திரும்பியதும் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் யோசித்தேன். ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் தேவைகள்: துல்லியம், அடி தாங்குதல், தண்ணீர் தாங்குதல், இருட்டில் தெரிதல், செலவு. மேலே கடிகாரங்களின் பெயர்கள்.

முதல் வரியிலேயே மெக்கானிக்கல் வாட்ச் தோற்றது. குவார்ட்ஸ் வாட்ச்சில் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது இரண்டின் 15ஆம் அடுக்கு. 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 நொடி முன்பின் போகும். சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சான்று பெற்ற மெக்கானிக்கல் வாட்ச்சோ நாளுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம் என்பது விதி. சில லட்சம் ரூபாய் கடிகாரம் மூன்று நாளில் செய்யக்கூடிய பிழையைச் செய்ய, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கேசியோவுக்கு ஒரு மாதம் ஆகும்.

அடி தாங்குவதிலும் அதே கதைதான். மெக்கானிக்கல் வாட்ச்சின் உயிர் பேலன்ஸ் சக்கரம். அதன் அச்சு நுனி தலைமுடிக் கனம்தான் இருக்கும். அதைத் தாங்கும் கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங்கில் உட்கார வைத்திருப்பார்கள். அடி விழுந்தால் கல் கொஞ்சம் விலகிக்கொடுத்து, திரும்பத் தன் இடத்துக்கு வரும். அழகான ஏற்பாடு, ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

கேசியோவில் வேலை பார்த்த கிகுவோ இபே என்ற பொறியாளரிடம் அவர் அப்பா கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது. ஒருநாள் அது கீழே விழுந்து சிதறிப்போனது. விழுந்தால் உடையாத கடிகாரம் செய்ய வேண்டும் என்று அவர் கிளம்பியது அங்கிருந்துதான். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் தண்ணீர் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 வருடம் வர வேண்டும். இந்த மூன்று பத்துகளை வைத்துக்கொண்டு 1983ல் முதல் ஜி-ஷாக் வந்தது. இன்று பல நாட்டு வீரர்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக் கட்டுவது அதைத்தான்.

அட்டவணை தெளிவாக இருந்தது. போன் பண்ணி, "ஜி-ஷாக் வாங்கிக்கடா, அதான் ஒனக்கு சரி," என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான். "ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கிற நீங்க பட்டாளத்து வாட்ச் கட்டுவீங்க. பட்டாளத்துக்குப் போறவன் பிளாஸ்டிக் கட்டணும். அப்படித்தானே மச்சான்?"

*

அவன் கோபப்பட்டுச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதனால்தான் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

என் கடிகாரம் 50 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். அது பார்த்த அதிகபட்சத் தண்ணீர் ஆபீஸ் வாஷ்பேசின். அதன் டயலில் உள்பக்கமாக 13 முதல் 24 வரை எண்கள் இருக்கின்றன, ராணுவ நேரம் படிப்பதற்கு. நான் அதில் படிப்பது காலை மீட்டிங்குக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று.

முதல் உலகப் போருக்கு முன்பு கைக்கடிகாரம் என்பது பெரும்பாலும் பெண்களின் நகை. ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலியோடு வைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியோடு பைக்குள் கைவிட்டுத் தேட முடியாது என்பதால் கடிகாரம் ஆணின் மணிக்கட்டுக்கு ஏறியது. அடுத்த போரின்போது பிரிட்டன் தன் வீரர்களுக்கென்று ஒரு வரையறை எழுதி 12 கம்பெனிகளிடம் கடிகாரம் வாங்கியது. கறுப்பு டயல், ஒளிரும் முள், தண்ணீர் புகாத கூடு. முதுகில் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி. கடிகாரம் வீரனுடையது அல்ல. இன்று சேகரிப்பாளர்கள் அந்தப் பன்னிரண்டையும் ஒரு செட்டாகச் சேர்க்க அலைகிறார்கள். டுடோர், பனேராய் போன்ற கம்பெனிகள் எந்தக் கடற்படைக்குக் கொடுத்தோம் என்பதைச் சொல்லித்தான் இன்றைய கடிகாரங்களை விற்கின்றன.

இதில் நாங்கள், வாங்குகிறவர்கள், காசு கொடுப்பது எதற்கு? வேறொருவன் உயிரைப் பணயம் வைத்த கதைக்குத்தான். கதை எங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது, பணயம் வருவதில்லை. இது பெரிய குற்றம் என்று நினைக்கவில்லை. ஆனால் உண்மையிலேயே அந்த வேலைக்குப் போகிற ஒருவன் அதே பொருளைக் கேட்கும்போது, "ஒனக்கு எதுக்குடா அது, ஒனக்கு உபயோகமானதை வாங்கு," என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எனக்கு அழகு, அவனுக்கு உபயோகம் என்று நான் பங்கு பிரித்திருந்தேன். என் அட்டவணையில் இருந்த கோளாறு அதுதான். அந்தத் தேவைகளை அவனிடம் கேட்டு நான் எழுதவில்லை.

*

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பழைய கதை இருக்கிறது. ரோலக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய முகாம்களில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கடிகாரம் அனுப்பினார். காசு போர் முடிந்த பிறகு கொடுத்தால் போதும். 1943ல் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து கிளைவ் நட்டிங் என்ற கார்ப்பரல் ஒரு குரோனோகிராஃப் கேட்டு எழுதினார். கடிகாரம் முகாமுக்கே வந்து சேர்ந்தது. பணத்தை அவர் போருக்குப் பிறகுதான் கட்டினார்.

வியாபாரத் தந்திரம் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் கடனுக்குக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்த ஊர்களுக்கு நடுவில் இந்தக் கதையைக் கேட்டால் வேறொன்றும் தெரியும். கைதிக்குக் கடன் கொடுக்கிறவன், நீ உயிரோடு திரும்பி வருவாய் என்று கணக்கில் எழுதுகிறான். வராமல் போனால் நஷ்டம் கொடுத்தவனுக்கு.

நான் செய்ய நினைத்ததை இதோடு ஒப்பிட்டேன். ஐம்பதாயிரம் ரூபாய் பொருளை முதல் வருடம் கையில் 21,000 வாங்கப்போகிறவனின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறேன். பாரக்கில் அது தொலையலாம். கயிறு ஏறும்போது அடிபடலாம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் போட வேண்டும், கம்பெனி சர்வீஸ் செலவு சில ஆயிரம். அத்தனை கவலையும் இனி அவனுடையது. எனக்கு மிஞ்சுவது, பெரிதாக ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி. அவன் போவதைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்கு ஒரு ஸ்ட்ராப் மாட்டி அவன் கையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

*

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் மறுபடி ஊருக்குப் போனேன். அம்மாச்சி பீரோவிலிருந்து தாத்தாவின் வாட்ச்சை எடுத்துக் கொடுத்தார். எச்எம்டி ஜவான். தாத்தா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பெங்களூரில் இருந்தபோது வாங்கியது, ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் ஆனது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது எச்எம்டி. 2016ல் மத்திய அமைச்சரவை அதன் கடிகார நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. செய்த கம்பெனி போய்விட்டது, வாட்ச் இருக்கிறது. ஆனால் ஓடவில்லை.

காரைக்குடிக்கு எடுத்துப்போனோம், அவனும் நானும். ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். "பேலன்ஸ் போயிருக்கு. வேற ஜனதாவுல இருந்து எடுத்துப் போட்டுடலாம், ரெண்டுக்கும் ஒரே மெசின்தான்," என்றார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுல ஏற்கெனவே ரெண்டு சாமான் மாத்தியிருக்கு. முன்னாடியும் யாரோ கை வச்சிருக்காங்க."

மணிக்கு 18,000 அசைவு. வருடத்துக்குப் பதினைந்தே முக்கால் கோடி. எந்த உலோகமும் அதைத் தனியாகத் தாங்காது. தாத்தா அதைச் சும்மா கட்டியிருக்கவில்லை, இரண்டு தடவையாவது எங்கேயோ கொண்டுபோய்ப் பிரித்து மாட்டியிருக்கிறார். ஆயுசுக்கும் உழைக்கிற வாட்ச் என்று நாம் சொல்வது, ஆயுசுக்கும் யாராவது பார்த்துக்கொண்ட வாட்ச்சைத்தான். உழைப்பு முழுவதையும் பொருளின் பெயரில் எழுதிவிடுகிறோம்.

மாமா வீட்டுத் தெருவில் நிற்கும் வீடுகளும் இதையே சொல்கின்றன. பர்மா தேக்கு, ஆத்தங்குடி தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. பல தலைமுறை நிற்கட்டும் என்று கட்டியவை. அவற்றைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு பர்மா வயல்களுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்தது. 1930களின் மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942ல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. வீடு நின்றது. ஆட்கள் வந்துபோகிற வீடு இன்றும் திடமாக இருக்கிறது. பூட்டியே கிடக்கும் வீட்டில் அதே தேக்கு, அதே சுண்ணாம்பு, ஆனால் ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது.

*

மாமாவின் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அவர் வாட்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. 2022 ஜூனில் அறிவித்த திட்டத்தின்படி அக்னிவீரர்களுக்கு நாலு வருடம்தான் வேலை. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள், இருபத்தி சொச்சம் வயதில். இளமையான படை வேண்டும் என்பதற்கு அரசு சொல்லும் காரணங்களை நான் படித்திருக்கிறேன், அவை வெறும் சாக்கு என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு கேள்வி வேறு: அதுக்கப்புறம் யார் பாத்துக்குவா? அந்தக் கேள்விக்கு நான் ஒரு கடிகாரத்தின் ஸ்பெக் ஷீட்டை நீட்டியிருந்தேன்.

காரைக்குடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை போட்டது, அவன் போனில் கேட்டது என்னைக் குடைந்தது, எல்லாம். "நீ கேட்டது சரிதான். என்ன வேணும்னு நீ சொல்லு, அதை வாங்கலாம்," என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "இப்ப வேணாம் மச்சான். தொலைஞ்சா அதே நெனப்பாவே இருக்கும். இப்போதைக்கு கேசியோ போதும். நல்ல வாட்ச்ச நாலு வருசம் கழிச்சு வந்து வாங்கிக்கிறேன். நீங்க எனக்குக் கடன், ஞாபகம் வச்சுக்கங்க."

கடிகாரத்தின் விலையை மாதாமாதம் கொஞ்சமாக ஒதுக்கி வைக்கிறேன், அவன் பெயரில் தனிக் கணக்கு. கணக்குக்குக் கீழே இன்னொரு பட்டியலும் இருக்கிறது. திரும்பி வந்தால் என்ன படிக்கலாம், முன்னாள் அக்னிவீரர்களை எங்கெல்லாம் எடுக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களில் யாரிடம் கேட்கலாம். வாட்ச் கடனைத் தீர்ப்பது சுலபம். இரண்டாவது பட்டியலில் இதுவரை மூன்று வரிதான் எழுதியிருக்கிறேன்.

தாத்தாவின் ஜவான் இப்போது ஓடுகிறது, நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்கி. காலையில் சாவி கொடுப்பது அம்மாச்சி. அவருக்கு மணி பார்க்கத் தெரியாது.