இழப்புக்கு எண் இடும் தொழில்

இங்கிலாந்தின் உடற்காய வழக்குகளில் நெடுங்காலம் வாதாடும் பாரிஸ்டர், காயம்பட்டவருக்காக ஒரு வழக்கிலும் இழப்பீடு தர வேண்டிய காப்பீட்டு நிறுவனத்துக்காக மற்றொன்றிலும் நிற்க நேர்கிறது. கட்சிக்காரரோடு நேரடித் தொடர்பு கொண்டு வழக்கை ஆயத்தம் செய்யும் சொலிசிட்டர் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரே தரப்பைச் சார்ந்துவிட, பாரிஸ்டரோ தம் துறைக்குள் வரும் வழக்கை, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்று தட்டிக்கழிக்க இடந்தராத தொழில்விதிக்குக் கட்டுப்பட்டவர். இரவுச் செவிலியர் இன்றியமையாதவர் என்று ஒரு மாதம் வாதாடியவர், அடுத்த மாதம் வேறொரு வழக்கில் அச்செலவு மிகை என்று வாதாடலாம். இப்படிப் பல்லாண்டு பழகிய மனம் பிறர் துன்பத்தை எவ்வாறு காணும் என்பது எளிய கேள்வியன்று.

இத்துறையின் அடிப்படை நெறி, அதாவது தீங்கு நேராதிருந்தால் இருந்திருக்கும் நிலையில் பாதிக்கப்பட்டவரைப் பணத்தால் இயன்றவரை நிறுத்த வேண்டும் என்பது, 1880-இல் ஸ்காட்லாந்திலிருந்து, அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைக்கு வந்த வழக்கொன்றில் வகுக்கப்பட்டது. அவ்வழக்கு எவர் உடலையும் பற்றியதன்று. பிறர் நிலத்தடியில் எடுத்த நிலக்கரியைப் பற்றியது. நிலக்கரிக்குச் சந்தை விலை உண்டு, முதுகுத்தண்டுக்கு இல்லை என்ற இடைவெளியில்தான் இத்தொழில் முழுவதும் நடைபெறுகிறது.

எண்ணக்கூடிய பகுதிக்குக் கணக்கு உண்டு. ஆண்டுச் செலவை, அது நீடிக்கும் காலத்தை ஒட்டிய பெருக்கெண்ணால் பெருக்குவர். மொத்தமாகப் பெறும் பணம் முதலீட்டில் வளரும் என்பதால், கழிவு விகிதம் எனப்படும் சதவீதத்தைக் கொண்டு அப்பெருக்கெண்ணைக் குறைப்பர். மைக்கேல் ஆக்டன் என்னும் பாரிஸ்டரின் பெயரால் வழங்கும் அட்டவணைகள் 1984 முதல் இதற்குத் துணைநிற்கின்றன. ஆண்டுக்கு 50,000 பவுண்டு வீதம் 40 ஆண்டுப் பராமரிப்பு தேவை எனக் கொண்டால், 2001-இல் வகுத்த 2.5 சதவீத விகிதத்தில் ஏறத்தாழ 12.7 லட்சம் பவுண்டு கிடைக்கும். 2017 மார்ச்சில் அவ்விகிதம் சுழிக்குக் கீழே 0.75 சதவீதமாக இறக்கப்பட்டபோது அதே தேவைக்கு 23.3 லட்சம் வந்தது. காயமும் சக்கர நாற்காலியும் மாறவில்லை. அரசு குறித்த ஓர் எண் மாறியது. இதைக் கண்ணால் கண்டவர், தாம் எழுதும் தொகை துயரத்தின் அளவு என்று இனி நம்ப இயலாது.

எண்ண இயலாத பகுதி இன்னும் கடினமானது. வலிக்கும் வாழ்வின்ப இழப்புக்கும் எவ்வளவு என்பதற்கு, காயத்தின் வகைவாரியாக மேல்வரம்பும் கீழ்வரம்பும் காட்டும் வழிகாட்டி நூல் 1992 முதல் நீதிபதிகளின் கையில் உள்ளது. ஆனால் தம் இழப்பையே பெரிதும் உணராதவருக்கு என்ன தருவது? மூளைக்காயத்தால் உணர்வு பெரிதும் மங்கிய பெண்ணின் வழக்கில், 1963-இல் பிரபுக்கள் அவையின் ஐந்து நீதிபதிகளில் மூவர், அறியாமை இழப்பை இல்லாததாக்காது என்று கருதி 17,500 பவுண்டை உறுதிசெய்தனர். இழப்பை உணராமைக்கு மேலும் எடை தர வேண்டும் எனக் கருதி எதிர்த்தவர்கள், எஞ்சிய இரு நீதிபதிகளான ரீடும் டெவ்லினும். டெவ்லின் போன்ற கூரிய சிந்தனையாளர் எதிர்த்தார் என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் மூவரின் முடிவே மனித இயல்புக்கு நெருக்கமானது எனத் தோன்றுகிறது. வாழ்வு என்பது அதை உணர்பவரின் அனுபவம் மட்டுமே என்றால், உறங்குபவரிடம் திருடுவது திருட்டாகாமல் போகும்.

எண்களோடு பழகுவதால் மனம் இறுகும் என்ற பொதுக் கருத்து இத்துறைக்கு முழுதும் பொருந்துவதில்லை. இறுக்கம் வருவது, எண் ஓர் உடன்பாடு என்பதை மறக்கும்போதுதான். இருதரப்பிலும் நின்றவருக்கு அந்த மறதி எளிதில் வாய்ப்பதில்லை, ஏனெனில் தாம் நிலைநாட்டிய தொகையைத் தாமே உடைக்கவும் கற்றிருக்கிறார்.

2005 முதல் நீதிமன்றம், மொத்தத் தொகைக்கு மாற்றாக, எதிர்காலச் செலவை வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் வழங்குமாறு உத்தரவிடலாம். ஆயுளை ஊகிக்கும் தேவை அதனால் பெரிதும் நீங்குகிறது, பணம் தீர்ந்துபோகும் அச்சமும் இல்லை. ஆனாலும் மொத்தத் தொகையே வேண்டும் என்போர் உண்டு. விபத்தை ஏற்படுத்தியவரின் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் தம் வங்கிக் கணக்கில் வந்து நிற்பதை ஒருவர் விரும்பாவிட்டால், அதற்கு என்ன விலை என்பதை எந்த அட்டவணையிலும் பாரிஸ்டர் காண முடியாது. கட்சிக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.