சொல்ல ஒரு ஆள்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடையும் சத்தத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். திருவிதாங்கூரின் நாயர் படை வழிபட்ட பிள்ளையார் இவர். இன்றும் கோயில் நிர்வாகம் இந்திய ராணுவத்திடம்தான் இருக்கிறது. தேங்காயை எறிவதற்கு முன் பலர் ஒரு கணம் கண்மூடி நிற்கிறார்கள். உதடு மட்டும் அசைகிறது. மகளுக்குத் தள்ளிப்போகும் கல்யாணம், கணவரின் குடி, பையில் கிடக்கும் ஸ்கேன் ரிப்போர்ட் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத எதுவும் அங்கே இறக்கிவைக்கப்படலாம்.

எல்லாம் அறிந்தவனிடம் சொல்லியாயிற்று. இனி மனிதரிடம் சொல்ல என்ன இருக்கிறது?

பக்தர்கள் உண்மையாகவே கேட்கும் கேள்வி இது. இதே நகரத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு பணி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மயக்க மருந்து நிபுணரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 1993-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2003-இல் அதே பணிக்காகத் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' என்ற அமைப்பையும் தொடங்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் மேடைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருப்பது தன் தோல்வி ஒன்றை.

புற்றுநோய் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் அவரிடம் வந்தார். ராஜகோபால் நரம்பில் ஊசி போட்டார், வலி நின்றது. மறுபடி எப்போது வரவேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். வலி திரும்பாவிட்டால் வரவேண்டியதில்லை என்றார் மருத்துவர். அந்த ஊசியை நோய்க்கான சிகிச்சை என்று நம்பியிருந்த மனிதருக்கு, தன் நோய் தீராதது என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போனவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பை மட்டும் பார்த்தோம், அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்கவில்லையே என்பதுதான் மருத்துவரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. கேரளத்தின் தணிப்புச் சிகிச்சை மரபு மாத்திரையோடு நிற்காததற்கு இத்தகைய பாடங்களும் காரணம். 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நர்ஸோடு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி, கட்டிலருகே உட்கார்ந்து கேட்பது.

துயரத்தில் இருப்பவருக்கு அக்கம்பக்கத்து மனிதர்கள் வேண்டும் என்பதைப் புத்தர் வெகு காலம் முன்பே காட்டினார். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தாள் கிசா கௌதமி. சாவே நடக்காத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வரச் சொன்னார் அவர். நிலையாமையைப் போதிக்கும் கதையாகவே இதைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நிலையாமையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமே, ஏன் வீடு வீடாக அனுப்ப வேண்டும்? ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் தன் வீட்டுச் சாவைப் பற்றி அவளிடம் சொல்லவேண்டியிருந்தது. பைத்தியக்காரி என்று விரட்டியிருக்கக்கூடிய ஒருத்திக்குத் தன் இழப்பை எடுத்துச் சொன்ன அந்தப் பெயர் தெரியாத சாவத்தி நகரத்து மனிதர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பொழுது சாய்வதற்குள் அவள் மறுபடியும் அந்த ஊரில் ஒருத்தி ஆகிவிட்டாள். பிறகுதான் அவளால் குழந்தையைச் சுடுகாட்டில் விட முடிந்தது.

இதற்காக எல்லோரையும் பேசவைத்தே தீரவேண்டும் என்று கிளம்புவது கொடுமை. விபத்தோ பேரிடரோ நடந்த சூட்டோடு, பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் முடியும் அந்த முறை பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், யாரையும் கதை சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்கிறது. எப்போது சொல்வது, சொல்லாமலே இருப்பதா என்பதெல்லாம் பட்டவரின் உரிமை. கேட்பவர் செய்யவேண்டியது அருகில் இருப்பது. "எனக்கும் இப்படித்தான்" என்று பாதியில் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பது. "எல்லாம் விதி" என்று அவசரமாகக் கதவைச் சாத்தாமல் இருப்பது.

ஆகவே பிள்ளையாரிடம் சொல்வது வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறுக்கே பேசாத ஒருவரிடம் முதல்முறையாகச் சொல்லிப் பார்க்க அந்தச் சந்நிதி இடம் தருகிறது. ஆனால் நள்ளிரவில் வலி வரும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், மறுநாள் வந்து "தூங்கினீங்களா?" என்று கேட்கவும் பக்கத்து வீட்டு மனிதர்தான் வேண்டும்.

உங்கள் தெருவிலும் நெடுநாளாகப் படுக்கையில் கிடக்கும் ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய் உட்காருங்கள். பழம் வாங்கிப் போகாவிட்டாலும் பரவாயில்லை, செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.