சாட்டையை எடுத்துக் கொடுக்காத தோழர்கள்

மதுரையைச் சுற்றி ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிரம்பியதும் சில வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பரணில் கிடந்த ஏர்கன் கீழே இறங்கும். ஒருவர் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுப்பார். இன்னொருவர் ஈய ரவைகளை எண்ணி டப்பாவில் போடுவார். நெற்றியில் கட்டும் டார்ச்லைட்டுக்கு சார்ஜ் ஏறும். மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோல் நிரம்பும். அடுப்படியில் மிளகும் சீரகமும் வறுபட்டு மசாலாவும் அரைபட்டுவிடும். பறவை என்னவோ இன்னும் கண்மாயில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்!

இஷா தொழுகைக்குப் பின் புறப்படுவார்கள். மேலூர்ப் பக்கக் கண்மாய்களில் நீர்க்கோழி, சிறகி. நாகமலைப் புதர்களில் கவுதாரி. திருமங்கலத்துக் கரிசல் காட்டில் முயல். அகப்பட்டதைக் கொண்டு பின்னிரவில் வீடு திரும்பிப் படுத்தால் ஃபஜ்ரு தூக்கத்தோடு போய்விடும். வேட்டையின் பின்னாலேயே போகிறவன் கவனமற்றவனாகிவிடுகிறான் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன சொல் அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. அதற்கு விளக்கவுரை தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

இப்படிப் போய் வந்த இளைஞர்களிடம் ‘இது கூடுமா, தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், ‘நான் சுடவில்லை, லைட் மட்டும்தான் பிடித்தேன்’ என்பார். மற்றவர், ‘வண்டி என்னுடையது, அவ்வளவுதான்’ என்பார். வீட்டுப் பெண்களோ, ‘கொண்டு வந்தார்கள், ஆக்கிப் போட்டோம்’ என்று முடித்துக்கொள்வார்கள். ஓர் உயிரை எடுத்தது ஒரு விரல். அந்த விரலுக்கு வேண்டியதை எல்லாம் ஆயத்தம் செய்து கொடுத்தவை பத்துக் கைகள். இந்தக் கைகளுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, ஹுதைபிய்யா பயணம். ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் மட்டும் இஹ்ராம் கட்டியிருக்கவில்லை. அவர்கள் தம் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காட்டுக்கழுதை தென்பட்டது. தோழர்கள் பார்த்துவிட்டார்கள். ‘இவர் கண்ணில் படாதா’ என்று அவர்கள் உள்ளம் ஆசைப்பட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. தாமாகவே திரும்பிப் பார்த்த அபூகதாதா (ரலி) குதிரைக்குச் சேணம் பூட்டி ஏறிவிட்டார்கள். ஏறிய பிறகுதான் சாட்டையையும் ஈட்டியையும் மறந்தது தெரிந்தது. ‘எடுத்துக் கொடுங்கள்’ என்றார்கள். ‘அல்லாஹ்வின் மீது ஆணையாக, இதில் உமக்கு எந்த உதவியும் செய்ய மாட்டோம்’ என்று தோழர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கோபம். இறங்கித் தாமே எடுத்துக்கொண்டு போய் வேட்டையாடி வந்தார்கள்.

சமைத்து உண்டபின் தோழர்களுக்கு ஐயம் பிறந்தது. இஹ்ராமில் இருக்கிற நாம் இதைச் சாப்பிடலாமா? நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தது ஒன்றைத்தான்: வேட்டையாடும்படி உங்களில் யாராவது சொன்னீர்களா, அல்லது பிராணியைச் சுட்டிக் காட்டினீர்களா? இல்லை என்றதும், மீதியையும் உண்ணுங்கள் என்று அனுமதித்தார்கள். அபூகதாதா (ரலி) எடுத்து வைத்திருந்த முன்னங்காலைத் தாமும் வாங்கி உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்ச்சி இது.

இதில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது அந்தச் சாட்டை. கொல்லும் கருவிகூட அன்று அது, குதிரையை விரட்டுவதற்கானது. அதைத் தரையிலிருந்து எடுத்து நீட்டுவதுகூட வேட்டையில் பங்கு என்று அந்தத் தோழர்கள் விளங்கியிருந்தார்கள். ஆசை குற்றமாக எழுதப்படவில்லை. கை நீண்டிருந்தால் எழுதப்பட்டிருக்கும். டார்ச்லைட்டைப் பிடித்தவருக்கும் வண்டி கொடுத்தவருக்கும் இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

அப்படியானால் வேட்டையே இழிவான காரியமா என்று கேட்கலாம். இல்லை. ஹம்ஸா (ரலி) அவர்கள் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வேட்டையிலிருந்து திரும்பிய வேளையில்தான் அபூஜஹ்லின் அடாத செயலைக் கேள்விப்பட்டு, அந்த வில்லாலேயே அவனை அடித்து, இஸ்லாத்தை அறிவித்தார்கள் என்று சீறா நூல்கள் கூறும். வேட்டை ஹலால் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் மார்க்கம் அதற்கென்று கேட்கும் ஆயத்தம் வேறு. நாம் செய்கிற ஆயத்தம் வேறு.

நம் குடும்பத்துப் பெரியத்தா ஒருவரிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. சிறிய வேட்டைக்குச் சர்க்காரே அனுமதிச் சீட்டுக் கொடுத்த காலம் அது. அவர் புறப்படுவதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: துப்பாக்கியைத் துடைக்க எடுக்கும் நேரத்தைவிடக் கத்தியைத் தீட்ட எடுக்கும் நேரம் அதிகம். தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, உறையில் போட்டு, இடுப்பில் செருகிய பிறகுதான் தோட்டா எடுப்பார். நான்கு தோட்டா. ஐந்தாவது கிடையாது. ‘வீட்டில் எத்தனை வாய் என்று எனக்குத் தெரியும்’ என்பாராம்.

கத்திக்கு ஏன் அவ்வளவு மரியாதை? காரணம் ஃபிக்ஹில் இருக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் எறிகோலைப் பற்றிக் கேட்டபோது, கூர்முனை பட்டுச் செத்ததை உண்ணலாம், அகலப் பகுதி மோதிச் செத்தது அடிபட்டுச் செத்ததே என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அடிபட்டுச் செத்தது ஹராம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. உருண்டையால் அடித்துக் கொன்றதையும் அந்த இனத்தில்தான் இப்னு உமர் (ரலி) சேர்த்தார்கள். துப்பாக்கி வந்த பிறகு இந்தக் கேள்வி புதிதாக எழுந்தது. யமன் நாட்டு இமாம் ஷவ்கானி (வஃபாத் ஹிஜ்ரி 1250) குண்டு துளைத்துச் செல்வதால் அதனால் செத்ததும் கூடும் என்றார்கள். நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோரும், ஷாஃபி மத்ஹபு நூல்களும் அதை ஏற்கவில்லை. உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து அறுத்தால்தான் உண்ணலாம். ஏர்கன் ரவையோ உருண்டையிலும் உருண்டை! பிஸ்மியின் சட்டமும் உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நினைவிருந்தும் விட்டால் ஹராம். ஷாஃபியில் அது சுன்னத். அதையும் குதிரையை இழுக்கும் வேளையில் சொல்ல வேண்டும். வீட்டில் ரவை எண்ணும்போது சொன்னது வேட்டைக்கு ஆகாது.

தண்ணீரின் சட்டம் நம் கண்மாய் வேட்டைக்காரர்களுக்கு அநேகமாகத் தெரியாது. அம்பு பட்ட பறவை தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணாதே, அம்பு கொன்றதா தண்ணீர் கொன்றதா என்று உனக்குத் தெரியாது என்பது அதே அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம். பெரியத்தா ஆழமான தண்ணீருக்கு மேல் பறக்கும் பறவையைச் சுடவே மாட்டாராம். கத்தி போய்ச் சேரும் முன் செத்ததை வீட்டுக்குக் கொண்டுவராமல் புதைத்துவிட்டு வெறுங்கையோடு வந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வீட்டில் பருப்பாணம்தான்.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை ஹஜ்ஜுப் பெருநாள் குத்பாக்களில் கேட்டிருப்பீர்கள். எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹுத் தஆலா விதித்திருக்கிறான். அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு நிம்மதி தரட்டும் என்பது அதன் கருத்து. குர்பானி ஆட்டுக்கு மட்டும் உரிய சட்டம் அன்று இது. குறி தெரியாத கையில் துப்பாக்கியைக் கொடுப்பதும், துரு ஏறிய குழலோடு புறப்படுவதும், காயம்பட்ட முயலை இருட்டில் தேடாமல் விடுவதும் இந்த ஹதீஸுக்கு எதிரானவை. இரை ஒரு புதரடியில் இரண்டு நாள் கிடந்து சாகும் என்றால் அந்தச் சாவு எங்கே தொடங்கியது? துடைக்காமல் விட்ட குழலில் தொடங்கியது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு உடன் வேலை செய்கிறவர்களிடமிருந்து எல்க் வேட்டைக்கு அழைப்பு வருவதுண்டு. கொலராடோ, மொன்டானா மலைகளில் வாழும் பெரிய மான் அது. வளர்ந்த ஆண் 300 கிலோ அளவு இருக்கும். அங்கே சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து, பருவம் குறித்து அனுமதிக்கிறது. அக்கறை உள்ள வேட்டைக்காரர்கள் பல நாட்களுக்கு முன்பே ரைபிளைக் குறிப்பலகையில் சுட்டுச் சுட்டுச் சரிபார்க்கிறார்கள். பாதையில்லாத மலையிலிருந்து இறைச்சியை முதுகில் சுமந்து இறக்க மூட்டைகளும் கயிறும் கொண்டுபோகிறார்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டு வந்தால் தண்டிக்கும் சட்டம் அங்கே பல மாநிலங்களில் உண்டு. ஒரு சிட்டுக்குருவியை உரிமையின்றிக் கொன்றவனையும் அல்லாஹ் விசாரிப்பான். அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைத் துண்டித்து எறிவது அன்று என்று நஸாயீயில் வரும் ஹதீஸை அந்தச் சட்டம் நினைவூட்டுகிறது. கூடப் போகிற நம் பிள்ளை தீட்டிய கத்தியையும் கூரிய பார்வையையும் கொண்டுபோகட்டும். கத்தி எட்டாத தூரத்தில் சுட ஆசைப்பட வேண்டாம். இவ்வளவுதான் நாம் சொல்லக்கூடியது.

நம் ஊரில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் வேட்டை லைசென்ஸுக்கு இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. கவுதாரி, முயல், சிறகி எல்லாம் சட்டத்தின் காவலில் இருப்பவை. சிறிய ஏர்கன் வாங்க லைசென்ஸ் வேண்டாம் என்பதால், அதைக் கொண்டு சுடுவதற்கும் கேள்வியில்லை என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

இங்கேதான் அந்தப் பெரிய கேள்வி கிளம்புகிறது. ‘அல்லாஹ் ஹலாலாக்கியதைச் சர்க்கார் எப்படித் தடுக்கும்?’ கேட்பவர்கள் அல்மாயிதாவின் முதல் வசனத்தை ஓதிப் பார்க்க வேண்டும். வேட்டையைப் பற்றிப் பேசும் அந்த வசனம் எப்படித் தொடங்குகிறது? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு! ஒரு நாட்டில் அதன் பாதுகாப்பை அனுபவித்து வாழ்வது ஓர் ஒப்பந்தம். மேலும் வேட்டை முபாஹ். செய்தால் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை. பொதுநன்மைக்காக முபாஹானதை ஆட்சியாளர் தடுத்தால் கட்டுப்பட வேண்டும் என்று ஃபகீஹுகள் எழுதியிருக்கிறார்கள். தொழுகையைத் தடுத்தது போல இதற்குக் கொதிப்பது அறியாமை.

மதீனாவின் இரு கரும்பாறை நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் வேட்டையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்களே தடை செய்தார்கள். அங்கே மான்கள் மேய்வதைப் பார்த்தால்கூட நான் விரட்ட மாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி). மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் பண்டிகை மகிழ்ச்சியையே பறவைக்கு விட்டுக்கொடுத்த அந்தச் சகோதர சமுதாயத்து மக்களை நினைக்கும்போது, அபூஹுரைரா (ரலி) அவர்களின் சொல்லை ஓதுகிற நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் கையில் உள்ள உண்டிவில்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரலிடுக்கில் கல் வைத்து எறிவதையே நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அது இரையையும் கொல்லாது, எதிரியையும் தாக்காது, பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்று காரணமும் கூறினார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்துக் குறிபார்த்த குறைஷி இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டு கலைந்து ஓடினார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. உயிருள்ளதைக் குறியாக்குபவனை நாயகம் (ஸல்) சபித்ததை அன்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நாம் நம் பிள்ளையிடம் சொல்கிறோமா? அல்லது கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் ஏர்கன் வாங்கிக் கொடுக்கிறோமா?

அல்மாயிதாவின் 94-ஆம் வசனம் இஹ்ராமில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசுகிறது. உங்கள் கைகளும் ஈட்டிகளும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் உங்களைச் சோதிப்பான். மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுவதற்காக என்பது அதன் கருத்து. தூரத்தில் ஓடும் இரையால் அன்று. கைக்கெட்டும் இரையால் சோதனை! கண்மாய்க் கரையில் நள்ளிரவில் வனக்காவலர் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் முயல் கண் கூசி அசையாமல் நிற்கிறது. ஏர்கன் துடைத்துத் தயாராக இருக்கிறது, வீட்டில் மசாலாவும் தயார். இவ்வளவையும் ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்று ‘அஞ்சுகிறேன்’ என்று சொல்வது யாரால் ஆகும்? அந்தத் தோழர்கள் சாட்டை தரையில் கிடக்கும்போதே மறுத்துவிட்டார்கள். அதனால் அவர்களுக்கு எளிதாயிற்று.

சட்டம் மாறிய பின் பெரியத்தா துப்பாக்கியைச் சில காலம் வைத்திருந்தார். தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார். ஒரு தேர்தலுக்குப் பிறகு வாங்கப் போகவில்லை. முறைப்படி எழுதிக் கொடுத்து லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். ‘சுடக் கூடாதென்றால் துடைப்பானேன்?’ என்று கேட்டாராம். கத்தி மட்டும் வீட்டில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய இரவு கொல்லையில் தீட்டுகிறோம். ஆடு வாசல் பக்கம் கட்டியிருக்கும்.