வான்வாசலில் ஐயமும் நீதியும்

குற்றம் எதுவும் செய்யாத ஒருவர் தம்மைக் குற்றமற்றவரென மெய்ப்பித்த பிறகே ஓரிடத்திற்குள் நுழையலாம் என்று அரசு விதிக்கும்போது, அது அவர்மீது பழி சுமத்துகிறதா, அல்லது பிறரைக் காக்கும் கடமையை மட்டுமே செய்கிறதா என்பது அறவியலில் இன்னும் தீராத வினா. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வான்வெளிக்குள் தனியார் விமானங்களை விடுவதற்காக 2001-க்குப் பின் உருவான சோதனை முறைகள் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றன. ஏனெனில், அங்கே சோதிக்கப்படுபவர் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவராக அல்லாமல், பெயரும் கைரேகையும் கடந்தகாலமும் உடைய தனி மனிதராக அரசின் முன் நிற்கிறார்.

பொடோமாக் ஆற்றங்கரையில், வெள்ளை மாளிகைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரீகன் தேசிய விமான நிலையம் 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் அடுத்த மாதமே திரும்பிவிட்டன. ஆனால், கால அட்டவணைக்கு உட்படாத தனியார் விமானங்களும் நிறுவனங்களின் சொந்த ஜெட் விமானங்களும் 2005 அக்டோபர் வரை அங்கே இறங்க முடியவில்லை. தலைநகரைச் சுற்றி 30 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் ஆரமுள்ள வான்வெளி தனி விதிகளுக்கு உட்பட்டது. அதன் உள்வட்டத்தில் விதிகள் இன்னும் கடுமையானவை. 2005-இல் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வகுத்த திட்டத்தின்படி, ரீகன் நிலையத்துக்கு வர விரும்பும் தனியார் விமானம் முதலில் அரசு குறித்துத் தந்த வேறொரு நிலையத்தில் இறங்கி, அங்கே விமானமும் பயணிகளும் உடைமைகளும் சோதிக்கப்பட்ட பின்னரே புறப்பட வேண்டும். பயணிகளின் பெயர்ப்பட்டியலை 24 மணி நேரத்துக்கு முன்பே கொடுத்து, அப்பெயர்கள் அரசின் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடப்பட வேண்டும். விமானிகள் கைரேகை கொடுத்துக் குற்றப்பின்னணி ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் உடன் வர வேண்டும். இத்தனையும் நிறைவேறினாலும் நாளொன்றுக்கு 48 பறப்புகளுக்கு மட்டுமே அப்போது இடம் ஒதுக்கப்பட்டது. பெருநிறுவனத்தின் ஜெட் விமானத்துக்கு இச்செலவு ஒரு பொருட்டல்ல, சிறு விமானம் வைத்திருப்பவருக்கோ கைக்கெட்டாதது என்பதால், நேர்மையை மெய்ப்பிப்பதற்கும் பணம் வேண்டியிருந்தது என்று சொல்வது மிகையாகாது.

சோதனை என்பதே அவமதிப்பு என்று வாதிடுவோருக்கான பழைய விடை தாமஸ் ஹாப்ஸிடம் உள்ளது. 1651-இல் வெளிவந்த 'லெவியதான்' நூலில் அவர், பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்பவனும் உறங்கப்போகும்போது கதவைத் தாழிடுபவனும் தம் செயலாலேயே மனிதர்களைக் குறைகூறுகிறார்களே என்று கேட்டுவிட்டு, அதனால் மனித இயல்பைப் பழித்ததாகாது என்றும் விளக்குகிறார். தாழ்ப்பாள் தெருவில் போகும் எவரையும் திருடன் என்று சொல்வதில்லை. யார் வருவார் என்று தெரியாத நிலையை மட்டுமே அது ஒப்புக்கொள்கிறது. விமான நிலையச் சோதனையை அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்றதும் ஏறத்தாழ இந்த வழியில்தான். 1973-இல் டேவிஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றத்துக்குச் சான்று தேடுவது இச்சோதனையின் நோக்கமன்று, ஆயுதமும் வெடிபொருளும் விமானத்துக்குள் போகாமல் தடுப்பதே நோக்கம் என்பதால், தனி மனிதர்மீது ஐயம் இல்லாமலும் நீதிபதியின் ஆணை இல்லாமலும் இதை நடத்தலாம் என்று கொண்டது.

இந்த வாதம் ஓர் எல்லை வரை செல்லும். அந்த எல்லையைக் கடந்த இடத்திலும் அதையே நீட்டுவதுதான் பிழை. பையில் என்ன இருக்கிறது, விமானத்தின் எடை எவ்வளவு, அதன் வேகம் என்ன என்பவை பொருளைப் பற்றிய கேள்விகள். அவை எல்லோரிடமும் ஒரே வகையில் கேட்கப்படுவதால் எவருக்கும் இழுக்கில்லை. வருபவர் யார், அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பவை ஆளைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்குக் கிடைக்கும் விடை, வெளியில் சொல்லப்படாவிட்டாலும், தீர்ப்பின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. வாஷிங்டன் திட்டம் இவ்விரு வகைக் கேள்விகளையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டது. தாழ்ப்பாளுக்குப் பொருந்தும் நியாயம் தீர்ப்புக்குப் பொருந்தாது.

ஆளை ஆராய்வது குறித்துத் தமிழ் மரபு விரிவாகவே சிந்தித்திருக்கிறது. திருக்குறளின் 51-ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்', அரசன் தன் வினைக்கு உரியவரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழியிலும் ஆராய்ந்தே தேர வேண்டும் என்கிறது. பரிமேலழகர் இவற்றை 'உபதை' எனப்படும் மறைமுகச் சோதனைகளாக விளக்குகிறார். அதே அதிகாரம், ஆராயாமல் நம்புவதையும் ஆராய்ந்து தெளிந்தவரை மீண்டும் ஐயுறுவதையும் ஒரே வரிசையில் வைத்துக் கண்டிப்பது கவனத்திற்குரியது. பின்னணி ஆய்வில் தேறிய விமானி ஒவ்வொரு பறப்பிலும் புதியவர்போல் மறுபடி சோதிக்கப்படுவது இந்த அளவுகோலின்படி குறையுடையதே என்று தோன்றலாம். ஆனால், வள்ளுவர் பேசுவது நெடுங்காலம் உடன் பணியாற்றப் போகும் வினையாளரைப் பற்றி. வாசலில் வந்து நிற்கும் அயலாரைப் பற்றி அவ்வதிகாரம் பேசவில்லை. நம்பிக்கை உறவில் விளைவது. பாதுகாப்பு அமைப்புக்கோ எவருடனும் உறவு கிடையாது, பதிவேடு மட்டுமே உண்டு.

பதிவேட்டால் எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதை நிகழ்ந்தவை காட்டுகின்றன. 1994 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் விழுந்து நொறுங்கிய செஸ்னா 150 திருடப்பட்ட விமானம். அதை ஓட்டியவர் எந்த அனுமதியையும் கேட்டு நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் தேர்தல் நிதிச் சீர்திருத்தம் கோரும் 535 கடிதங்களோடு ஓர் அஞ்சல்காரர் சிறிய ஜைரோகாப்டரில் நாடாளுமன்றப் புல்வெளியில் இறங்கினார், அவரும் அப்படியே. 2023 ஜூனில் வாஷிங்டனுக்கு மேலே பறந்து சென்று வர்ஜீனியா மலைப்பகுதியில் வீழ்ந்த தனியார் ஜெட் விமானத்தில் தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை; வானொலி அழைப்புகளுக்கு அதிலிருந்து பதில் வரவில்லை, துரத்திச் சென்ற எஃப்-16 போர் விமானங்களின் ஒலியதிர்வு நகரையே உலுக்கியது, அதில் இருந்த நால்வரும் இறந்தனர். ஒழுங்காக விண்ணப்பிப்பவரை மட்டுமே வடிகட்டும் சோதனை இவற்றில் எதையும் தடுத்திருக்காது. இதனால் சோதனை வீணென்று முடிவு செய்வது அவசரம். பெரிய விமானம் ஒன்று ஆயுதமாக மாறும் அபாயத்தை அது குறைக்கவே செய்கிறது. ஆயினும், தனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்ததாக அது காட்டிக்கொள்ளக்கூடாது.

ஆளையும் பொருளையும் ஒன்றாக்குவதன் உச்சத்தை ஜெர்மனி கண்டது. 2003 ஜனவரியில் ஒருவர் சிறு மோட்டார் கிளைடரில் பிராங்பர்ட் நகரின் வங்கிக் கோபுரங்களைச் சுற்றிப் பறந்து மிரட்டிய நிகழ்வுக்குப் பின், ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அரசுக்கு அதிகாரம் அளிக்கும் பிரிவு 2005-இல் சட்டமானது. 2006 பிப்ரவரி 15 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. விமானத்துக்குள் இருக்கும் அப்பாவிகள் ஆயுதத்தின் ஒரு பகுதியாகிவிட்டார்கள் என்ற வாதத்தை அது ஏற்க மறுத்தது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்னும் கான்ட்டின் கொள்கையின் சாயலை அத்தீர்ப்பில் காணலாம். அப்பாவிகள் இல்லாமல் தாக்குபவர் மட்டுமே உள்ள விமானத்தை அது வேறாகக் கருதியது. தன் செயலுக்குத் தானே பொறுப்பாளியாக அவர் நடத்தப்படுகிறார் என்பதே காரணம்.

இந்தப் பொறுப்பு என்ற சொல்லை வாசலுக்கும் கொண்டுவர வேண்டும். ஒருவரை அவர் யார் என்பதற்காக மறுக்கும் அரசு, ஏன் மறுத்தது என்று அவருக்குச் சொல்லவும் அவருடைய மறுமொழியைக் கேட்கவும் கடமைப்பட்டது. பொருளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆளுக்குச் சொல்லியாக வேண்டும். விமானப் பயணத் தடைப்பட்டியல் தொடர்பான லத்தீஃப் வழக்கில் 2014 ஜூனில் ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்றம் இதே திசையில், காரணம் கூறாமலே பயணத்தை மறுத்துவிட்டு முறையிடச் சொல்லும் அன்றைய நடைமுறை போதாதென்று தீர்ப்பளித்தது. அதன்பின், 2015-இல் நடைமுறை மாறி, பயணம் மறுக்கப்பட்டு முறையிடுபவர் தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்றும், இயன்ற அளவு அதற்கான காரணத்தையும் அறிந்துகொள்ள வழி பிறந்தது. ஆனால், அந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டுமே திறந்தது.