சமநோக்கின் ஆதாரம் எது?

‘மனிதர் அனைவரும் சமம்’ என்னும் கூற்றை வெளிப்படையாக மறுப்பவர் இன்று அரிது. ஆனால் ‘எதில் சமம்?’ என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் விடை கூறுவது எளிதன்று. உடல் வலிமையில் மனிதர் சமமாக இல்லை. அறிவாற்றலில் சமமாக இல்லை. பிறந்த சூழலிலும் பெற்ற வாய்ப்பிலும் சமமாக இல்லை. கண்ணுக்குப் புலப்படுவதெல்லாம் வேற்றுமையே. அவ்வாறாயின் சமத்துவம் என்பது நல்லவர்களின் விருப்பம் மட்டும்தானா? அல்லது அந்த விருப்பத்திற்கு உண்மையிலேயே ஓர் ஆதாரம் உண்டா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு, ஒரு விஞ்ஞானியின் வாழ்வும் அவர் ஆராய்ந்த பொருளும் ஒருசேரத் துணை செய்கின்றன.

மூடப்பட்ட கதவு

பெங்களூரில் மல்லேஸ்வரத்தை அடுத்து அமைந்துள்ளது இந்திய அறிவியல் கழகம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவிலிருந்து உருவாகி 1909-இல் நிறுவப்பட்ட அக்கழகத்திற்கு, 1933-இல் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார் சர் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பிற்காலத்தில் மல்லேஸ்வரத்திலேயே ‘பஞ்சவடி’ என்னும் இல்லத்தில் அவர் வாழ்ந்தார்.

அதே 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டம் பெற்ற கமலா பாகவத் என்னும் இளம்பெண், ஆராய்ச்சி மாணவியாகச் சேர அக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் அங்கேயே பயின்ற வேதியியலாளர்கள். ஆயினும் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பெண்கள் ஆராய்ச்சிக்கு ஏற்றவர்கள் அல்லர் என்பதே காரணம். கமலா பின்வாங்கவில்லை. நேரில் சென்று வாதாடினார். காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகமும் செய்தார். இறுதியில் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு சோதனைக் காலம், பணியின் தரம் இயக்குநருக்கு நிறைவளித்தால்தான் அங்கீகாரம், ஆய்வுக்கூடத்தில் பயிலும் ஆண்களின் கவனம் அவரால் சிதறக்கூடாது.

சீனிவாசய்யா என்னும் ஆசிரியரின் வழிகாட்டுதலில் பால், பருப்பு ஆகியவற்றின் புரதங்களைக் கமலா ஆராய்ந்தார், 1936-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். அவருடைய பணியைக் கண்ட ராமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கழகத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது.

எல்லா உயிரிலும் ஒரே சுவாசம்

1937-இல் கமலா இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கு அவர் கையில் எடுத்துக்கொண்டது உருளைக்கிழங்கு. தாவரங்களின் செல்களிலும் ‘சைட்டோக்ரோம் சி’ என்னும் புரதம் உண்டு என்றும், அச்செல்களின் சுவாசத்தில் அதற்குப் பங்கு உண்டு என்றும் அவர் ஆய்வு காட்டியது. சுமார் நாற்பது பக்கங்களே கொண்ட அந்த ஆய்வேட்டுக்கு 1939-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

இப்புரதம் செய்யும் பணி யாது? அடுப்பில் விழும் சர்க்கரை ஒரே நொடியில் எரிந்து, தன் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. செல்லினுள் நிகழ்வது வேறு. அங்கே அதே சர்க்கரை படிப்படியாகப் பிரிக்கப்படுகிறது. அதிலிருந்து பெறப்படும் எலெக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணறைகளின் உட்சவ்வில் வரிசையாக அமைந்த புரதங்களின் வழியே கைமாறிச் செல்கின்றன. அந்த வரிசையில் ஓர் இணைப்புக் கண்ணிதான் சைட்டோக்ரோம் சி. அதன் நடுவிலுள்ள இரும்பு அணு ஒருபுறம் எலெக்ட்ரானை ஏற்று, மறுபுறம் கொடுத்துவிடுகிறது; தனக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை. வரிசையின் இறுதியில் காத்திருப்பது ஆக்ஸிஜன். அது எலெக்ட்ரான்களை ஏற்று நீராகிறது. மூச்சுக்காற்று எதற்கு என்னும் கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது.

எலெக்ட்ரான்கள் இறங்கிவரும்போது வெளிப்படும் ஆற்றல், ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் மறுபுறத்திற்குத் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீரைப்போல அவை அங்கே குவிகின்றன. சிவனசமுத்திரத்தில் வீழும் காவிரி சுழலிகளைச் சுழற்றியதால் 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. செல்லிலும் திரும்பிப் பாயும் அயனிகள் ஒரு நுண்ணிய சுழலியைச் சுழற்றுகின்றன, அதிலிருந்து ‘ஏ.டி.பி.’ என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. இக்கொள்கையை 1961-இல் முன்வைத்த பீட்டர் மிட்செல் 1978-இல் நோபல் பரிசு பெற்றார். உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. 250 கிராமுக்கு மேற்படாது என்பர். ஆனால் அது மீண்டும் மீண்டும் செலவாகி மீண்டும் மீண்டும் உருவாவதால், ஒரு நாளின் மொத்தக் கணக்கு ஏறத்தாழ உடலின் எடைக்கு நிகராகிறது. உயிரின் செல்வம் சேமிப்பில் இல்லை. ஓயாத பரிமாற்றத்தில் இருக்கிறது.

மனிதனின் சைட்டோக்ரோம் சி 104 அமினோ அமிலங்களால் ஆனது. சிம்பன்சியிடம் இருப்பதும் இதுவே, ஒன்றுகூட வேறுபடவில்லை. மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டோடு ஒப்பிட்டாலும் பாதிக்கு மேற்பட்டவை ஒத்திருக்கின்றன. ஆண், பெண் என்னும் வேறுபாடு அந்த மூலக்கூறுக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை

‘ஆகவே அனைவரும் சமம் என்று வேதியியல் நிரூபித்துவிட்டது’ என இவ்விடத்தில் முடித்துவிட மனம் விழையும். ஆனால் அம்முடிவு அவசரமானது. ‘இவ்வாறு இருக்கிறது’ என்னும் செய்தியிலிருந்து ‘இவ்வாறு நடக்கவேண்டும்’ என்னும் அறம் தானாகப் பிறப்பதில்லை. உருளைக்கிழங்கிலும் சைட்டோக்ரோம் சி உண்டு. எனினும் அதை வேகவைத்து உண்கிறோம். மூலக்கூறின் ஒற்றுமைதான் சமத்துவத்திற்கு ஆதாரம் என்றால், நாளை ஒரு வேற்றுமை கண்டறியப்படும்போது ஏற்றத்தாழ்வும் நியாயமாகிவிடும். உடலைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துவது தவறு என்றால், உடலைக் காட்டி அவரைச் சமமாக்க முயல்வதும் அதே தளத்தில்தான் நிற்கிறது.

கமலாவின் வெற்றியை மேற்கோள் காட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. ‘பெண்ணாலும் முடியும் என்று நிரூபித்தார், ஆகவே கதவு திறந்தது’ என்கிறோம். ஒருவேளை அவர் அந்த ஓராண்டில் தோற்றிருந்தால்? முதலில் மறுத்தது சரியென்று ஆகியிருக்குமா? ஓர் ஆண் மாணவன் தோற்றால் ஆண்குலமே தகுதியற்றது என்று யாரும் கூறுவதில்லை. கமலாவுக்கு நேர்ந்த அநீதி, அவர் சோதிக்கப்பட்டதில் இல்லை. மற்றவர்களுக்கு இயல்பாகக் கிடைத்த நம்பிக்கையை அவர் மட்டும் சம்பாதிக்க வேண்டியிருந்ததில் இருக்கிறது. எனவே சமத்துவம் என்பது சோதனையின் முடிவில் வழங்கப்படும் பரிசு ஆகாது. சோதனை தொடங்குவதற்கு முன்பே இடப்படவேண்டிய அடித்தளம் அது.

காண்பவனின் பொறுப்பு

அந்த அடித்தளத்தைச் சான்றோர் உடலில் தேடவில்லை. கற்றறிந்த அந்தணன், பசு, யானை, நாய், நாயை உண்பவன் ஆகிய அனைவரிடத்தும் ஞானி சமத்தையே காண்கிறான் என்பது கீதையின் போதனை. இவ்வரிசையில் உள்ளவர்களின் உடலோ அறிவோ செயலோ ஒன்றல்ல என்பது கீதைக்குத் தெரியாததன்று. வேற்றுமைகளை முழுதும் அறிந்த பின்னும், உள்ளுறையும் ஆன்மா ஒன்றே என்று காண்பதே சமதரிசனம். பசுவுக்குப் புல்லும் குழந்தைக்குப் பாலும் தருவதில் நடத்தை வேறுபடும். மதிப்பில் வேறுபாடு இல்லை.

அப்படியானால் விஞ்ஞானத்திற்கு இங்கே வேலையில்லையா? உண்டு. அது அறத்தைப் படைப்பதில்லை. ஆனால் அறத்தை மறைக்கும் பொய்க் காரணங்களை ஒவ்வொன்றாக அகற்றுகிறது. ‘இவர்களால் இயலாது’ என்பது ஆராயப்படாத ஊகமே என்று அது காட்டிவிடுகிறது. ஒளியின் நுட்பத்தைக் கண்ட பேரறிஞருக்கும் ஒரு திசையில் பார்வை மறைந்திருந்தது என்பது அறிவுடையோர் அனைவருக்கும் எச்சரிக்கை. சான்று எதிரில் நின்றபோது அவர் கருத்தை மாற்றிக்கொண்டது விஞ்ஞானிக்குரிய பண்பு. சான்று வரும்வரை காத்திராமல் பிறரை மதிப்பதோ ஆன்மிக சாதகனுக்குரிய பண்பு.

தாயகம் திரும்பிய கமலா, திருமணத்திற்குப் பின் கமலா சோஹோனி ஆனார். பம்பாயில் பணியாற்றியபோது, புளிக்காத பனஞ்சாறாகிய நீராவின் ஊட்டத்தை ஆராய்ந்தார். பழங்குடிக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அது ஏற்ற உணவு என்று காட்டிய அப்பணிக்குக் குடியரசுத் தலைவரின் விருது கிடைத்தது. 1998-இல் அவர் மறைந்தார். செல்லின் சுவாசத்தை ஆராய்ந்த அறிவு, பசித்தவர்களின் நலத்தை நாடிச் சென்றது. சமநோக்கு கருத்தாக நின்றுவிடாமல் தொண்டாக மலர்வதற்கு அதுவே சான்று.

மனிதனை மதிப்பிடும் பழக்கம் ஆய்வுக்கூடத்தோடு முடிவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி, கிராமத்துப் பள்ளியில் படித்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞன், வீட்டிற்கு வந்த மருமகள் ஆகியோரை, அவர்கள் அறியாமலேயே சோதனைக் காலத்தில் நிறுத்திவைக்கும் மனம் எங்கும் உண்டு. யார் யாரிடம் நிரூபணம் கேட்கிறோம், யாரிடம் கேட்பதில்லை என்று ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே வினவிப் பார்ப்பது நல்ல சாதனை. அவ்வினா நேர்மையாகக் கேட்கப்படும்போது சமநோக்கின் முதற்படி தொடங்குகிறது.